நிறமும் முகூர்த்தமும்: சேவூர் – அவிநாசி வட்டாரத்தை முன்வைத்துப் பிலிம் கேமராவும் பகுதிநேரத் திருமண ஒளிப்படத் தொழிலும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழக ஒளிப்பட வரலாற்றில் அரசு ஒளிப்படக்காரர்களும் ஸ்டுடியோக்களும் பெற்றுள்ள கவனத்தை, வேறொரு வேலையில் இருந்துகொண்டு முகூர்த்த நாட்களில் மட்டும் திருமணப் படம் எடுத்தவர்கள் பெறவில்லை. பகுதிநேரம் என்பது முழுமையடையாத தொழில்நிலை எனக் கருதப்படுவதே இதற்குக் காரணம். வண்ணப் பிலிமின் வருகை, முகூர்த்த நாட்காட்டி, திருப்பூர்ப் பின்னலாடைத் தொழிலின் வேலை ஒழுங்கு ஆகிய மூன்றும் சந்தித்த இடத்தில் தோன்றிய தனித்த தொழில்வடிவமே இது என்று இக்கட்டுரை வாதிடுகிறது. இவர்கள் எடுத்த நெகட்டிவ்கள் ஸ்டுடியோக்களில் தங்காமல் குடும்பங்களிடம் சென்றதால் ஆவணக் காப்பு முயற்சிகளின் எல்லைக்கு வெளியே அவை அழிந்துவருவதையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: பிலிம் கேமரா, திருமண ஒளிப்படம், பகுதிநேரத் தொழில், கொங்கு நாடு, நெகட்டிவ், மொய்

முன்னுரை

ஸ்டுடியோவுக்குப் பெயர்ப்பலகை உண்டு. படம் ஒட்டிய அட்டையின் ஓரத்தில் அதன் முத்திரை இருக்கும். கண்ணாடி நெகட்டிவ்கள் பெட்டி பெட்டியாக அதன் பரணில் கிடக்கும். ஆய்வாளர் ஒருவர் ஓர் ஊரின் ஒளிப்பட வரலாற்றைத் தேடிச் செல்லும்போது முதலில் ஸ்டுடியோவுக்கே போகிறார். அங்கே ஏதேனும் கிடைத்தும் விடுகிறது. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் நிதியுதவியுடன் தமிழக ஸ்டுடியோ ஒளிப்படங்களைத் தேடி மின்னுருவாக்கியது இவ்வகையில் மிக மதிப்புள்ள பணி. ஆனால் அத்திட்டம் எடுத்துக்கொண்ட காலம் 1880 முதல் 1980 வரையிலான நூறாண்டு; எடுத்துக்கொண்ட களம் ஸ்டுடியோ. 1980க்குப் பின் கொங்கு நாட்டுக் கிராமம் ஒன்றில் நடந்த திருமணத்தை யார் படம்பிடித்தார் என்ற கேள்வி இவ்விரு எல்லைகளுக்கும் வெளியே நிற்கிறது.

சேவூர் அக்கேள்விக்குப் பொருத்தமான களம். அவிநாசிக்கு வடக்கே உள்ள இவ்வூர் வாலீஸ்வரர் கோயிலாலும் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் நடக்கும் நிலக்கடலை ஏலத்தாலும் அறியப்படுவது. 2009இல் திருப்பூர் மாவட்டம் உருவாகும்வரை கோவை மாவட்டத்தில் இருந்தது. மானாவாரி நிலமும் விசைத்தறியும் பனியன் கம்பெனி வேலையும் கலந்த வட்டாரம். ஒரே குடும்பத்தில் ஒருவர் கடலைக்காட்டிலும் மற்றொருவர் ஓவர்லாக் தையல் இயந்திரத்திலும் இருப்பது இங்கு இயல்பு. ஒருவரே இரண்டு வேலை பார்ப்பதும் அவ்வாறே.

சொல் பற்றி ஒரு குறிப்பு தேவை. புகைப்படம், நிழற்படம், ஒளிப்படம் என மூன்று சொற்கள் எழுத்துத் தமிழில் வழங்குகின்றன. கல்வித்துறை மூன்றாவதை விரும்புகிறது. இக்கட்டுரையும் அதையே கையாளுகிறது. ஆனால் கல்யாணம் பேசி முடித்த வீட்டில் எவரும் ‘ஒளிப்படக் கலைஞரை’ அழைப்பதைப் பற்றிப் பேசுவதில்லை. ‘போட்டோக்காரருக்குச் சொல்லியாச்சா’ என்றே கேட்பர். மேளக்காரர், பந்தல்காரர், சமையல்காரர் என்ற வரிசையில் அமைந்த இச்சொல், சமூகம் இத்தொழிலைக் கலையாக அன்றிக் கல்யாண வேலைகளில் ஒன்றாகவே கண்டது என்பதற்குச் சான்று.

அரசின் கேமராவிலிருந்து ஸ்டுடியோவுக்கு

1839இல் பிரான்சில் டாகரின் ஒளிப்பட முறை அறிவிக்கப்பட்ட அடுத்த ஆண்டிலேயே கல்கத்தாவில் அது அறிமுகமாகிவிட்டது. சென்னை ஒளிப்படச் சங்கம் 1856இல் தோன்றியது. சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரரான லினேயஸ் ட்ரைப் 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளிக் கோயில்களையும் கோட்டைகளையும் படமாக்கினார். 1909இல் எட்கர் தர்ஸ்டன் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் மனிதர்களே காட்சிப்பொருளாயினர். இக்கேமராக்கள் எல்லாம் படம் எடுக்கப்பட்டவரின் வீட்டுக்குத் திரும்பாத படங்களையே எடுத்தன. அந்த உறவை மாற்றியது ஸ்டுடியோ. எடுக்கப்பட்டவரே விலை கொடுத்தார். படம் அவர் வீட்டுச் சுவருக்குப் போனது.

ஸ்டுடியோவில் எடுக்கப்பட்ட பழைய ‘கல்யாணப் படம்’ கல்யாணத்தின் படமன்று என்பதை இங்குக் கவனிக்க வேண்டும். மணமக்கள் மாலையோடு, அல்லது சில நாள் கழித்து மறுவீடு செல்லும் வழியில், தீட்டிய திரைச்சீலையின் முன் நிற்பர். சடங்கு முடிந்துவிட்டிருக்கும். கிறிஸ்டோபர் பின்னி 1997இல் வெளியான தம் நூலில் மத்தியப் பிரதேசத்து நாக்தா நகர ஸ்டுடியோக்களை ஆராய்ந்தபோது முதன்மை தந்தது, உள்ளதைப் பதிவதைவிட விரும்பியதை உருவாக்கும் இத்தகைய திறனுக்கே. திருமணப் படம் ஆவணமாக வேண்டுமானால் கேமரா ஸ்டுடியோவை விட்டு மணப்பந்தலுக்குள் வந்தாக வேண்டும். அதற்கு எடை குறைந்த கேமராவும் கையில் எடுத்துச் செல்லத்தக்க ஃப்ளாஷும் உள்நாட்டில் கிடைக்கும் பிலிமும் வேண்டியிருந்தன.

பிலிமைப் பொறுத்தவரை விடை பழைய கோவை மாவட்டத்தின் அண்டை மாவட்டத்திலேயே உருவானது. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், பிரான்சின் பாஷே நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1967இல் உற்பத்தியைத் தொடங்கியது. தூசு குறைந்த மலைக்காற்றும் குளிர்ச்சியும் நீர்வளமும் இடத்தேர்வுக்குக் காரணங்களாயின. ‘இந்து’ என்ற பெயரில் வந்த அதன் கறுப்பு வெள்ளைப் பிலிமும் அச்சுத்தாளும் இறக்குமதிக் கட்டுப்பாட்டுக் காலத்தில் சிற்றூர் ஸ்டுடியோக்களுக்கும் எட்டின. கேமராக்களில், பரோடாவில் தயாரான ஆக்பா கிளிக் 3 எளிய குடும்பக் கேமராவாகப் பரவியது. தொழில்முறையாளர் கையில் இருந்தது மேலிருந்து குனிந்து பார்க்கும் இரட்டை லென்ஸ் கேமரா. அதன் முன்மாதிரி 1929இல் வந்த ஜெர்மானிய ரோலிஃப்ளெக்ஸ். வசதி குறைந்தவர்க்குக் கிடைத்தது ஜப்பானிய யாஷிகா.

பன்னிரண்டு படங்களின் கல்யாணம்

அந்த இரட்டை லென்ஸ் கேமராக்களில் போடும் 120 பிலிம் ரோலில் சதுர வடிவில் பன்னிரண்டு படங்களே எடுக்கலாம். இந்த எண் தொழில்நுட்ப விவரம் மட்டுமன்று; அக்காலக் கல்யாண ஆல்பத்தின் இலக்கணமே இதில்தான் இருக்கிறது. மூன்று ரோல் என்று பேசி முடித்தால் முப்பத்தாறு படம். முகூர்த்தக்கால் நடுவது முதல் மணமக்கள் வீடு புகுவது வரை முதல்நாள் மாலையும் மறுநாள் காலையுமாக நீளும் கொங்குத் திருமணத்தில், எந்த முப்பத்தாறு கணங்கள் படத்துக்குரியவை என முன்கூட்டியே முடிவு செய்தாக வேண்டும். முடிவை எடுத்தவர் போட்டோக்காரர் அல்லர், வீட்டுப் பெரியவர்.

கேமராவின் அமைப்பும் படத்தை வடிவமைத்தது. வயிற்றளவில் வைத்துக் குனிந்து பார்ப்பதால் நோக்குநிலை தாழ்ந்திருக்கும். நிற்பவர் சற்று ஓங்கித் தெரிவார். பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாக மாறித் தெரியும். ஆகவே நகரும் நிகழ்வைத் தொடர்வது கடினம்; நிறுத்தி வைத்து எடுப்பதே எளிது. அக்கால மணமக்களின் விறைப்பை வெட்கத்துக்கும் பழக்கமின்மைக்கும் ஏற்றிச் சொல்வது வழக்கம். கேமராவின் பங்கையும் கணக்கில் கொள்ள வேண்டும். மறுபுறம், இவ்வகைக் கேமராவின் ஷட்டர் லென்ஸுக்குள்ளேயே இருந்ததால் எந்த வேகத்திலும் ஃப்ளாஷ் ஒத்திசைந்தது. பின்னர் வந்த 35 மி.மீ. கேமராக்களில் இவ்வசதி இல்லை: ரஷ்ய ஜெனிட்-ஈ கேமராவில் ஒரு நொடியில் முப்பதில் ஒரு பங்கு, பென்டாக்ஸ் கே1000இல் அறுபதில் ஒரு பங்கு என்ற மெதுவான வேகத்தில்தான் ஃப்ளாஷைப் பயன்படுத்த முடியும். 1982இல் வந்த நிக்கான் எஃப்எம்2 அதை இருநூறில் ஒரு பங்குக்கு உயர்த்தியது. திருமணப் படக்காரரிடையே அக்கேமரா பெற்ற மதிப்பை இந்த எண்ணைக் கொண்டு ஓரளவு விளங்கிக்கொள்ளலாம்.

தாலி கட்டும் கணம் இவையனைத்தையும் சோதிக்கும் இடம். கெட்டிமேளம் ஒலிக்கத் தொடங்கி முடிச்சு விழுவதற்குள் சில நொடிகளே உள்ளன. பென்சில் செல்லில் இயங்கும் சிறு ஃப்ளாஷ் ஒருமுறை மின்னியபின் மீண்டும் மின்னேற்றம் பெறவும் சில நொடிகள் ஆகும். எனவே நடைமுறையில் தாலிக்கு ஒரே படம். தவறினால் மறுமுறை இல்லை. அட்சதை தூவும் கைகளும் எட்டிப் பார்க்கும் தலைகளும் மறைக்காத இடத்தை முன்னதாகவே பிடித்து நிற்க வேண்டும். பன்னிரண்டாவது படம் தாலிக்கு முன் முடிந்துவிடாதபடி ரோலைக் கணக்கிட்டு நடத்த வேண்டும். பாதி மீதமுள்ள ரோலைக் கழற்றிப் புது ரோல் போட்டுக்கொள்வது வீணாகத் தோன்றினாலும் அதுவே பாதுகாப்பு. ஒளி அளவியைவிட இந்த எண்ணிக்கை உணர்வே இத்தொழிலின் முதல் திறன்.

எடுப்பது பாதி வேலைதான். இருட்டறையில் டெவலப் செய்து, ஹைப்போவில் நிலைநிறுத்தி, கழுவி உலர்த்தி, சிவப்பு விளக்கடியில் அச்சிட்டு, நெகட்டிவின் மீது பென்சிலால் டச்சிங் செய்து முடிக்கும் வேலையில் பெரும்பகுதி ஸ்டுடியோவுக்குள் நடந்தது. எண்லார்ஜரும் தண்ணீர் வசதியும் இருட்டறையும் உள்ளவரே தொழில் நடத்த முடியும். வேறு வேலையில் இருப்பவர் முகூர்த்த நாளில் மட்டும் கேமரா எடுத்துப் போவது, இருட்டறை உடைய ஒருவரைச் சார்ந்தாலொழிய, இக்காலத்தில் எளிதன்று.

இருட்டறையை விடுவித்த நிறம்

பகுதிநேரத் திருமணப் படக்காரரைப் பெருமளவில் உருவாக்கியது வண்ணப் பிலிம். இது முதல் பார்வையில் முரணாகத் தோன்றும். கறுப்பு வெள்ளையைவிட நிறம் சிக்கலானது, செலவு மிக்கது. ஆயினும் அந்தச் சிக்கலே வேலையைப் பிரித்தது. 1972இல் கோடாக் அறிமுகப்படுத்திய சி-41 முறை உலகெங்கும் வண்ண நெகட்டிவுக்குரிய பொதுமுறையாகியது. கரைசலின் வெப்பநிலை அரை டிகிரிகூட மாறக் கூடாத இம்முறையைச் சிற்றூர் இருட்டறையில் கையாள்வது நடைமுறைக்கு ஒவ்வாது. இயந்திரம் வேண்டும், இயந்திரத்துக்கு நாள்தோறும் நூற்றுக்கணக்கான ரோல் வேண்டும். ஆகவே லேப் நகரத்தில் குவிந்தது. படம் எடுப்பவர் ரோலைக் கொடுத்து, சில நாளில் பிரிண்ட்டை வாங்கிக்கொள்பவராக மாறினார். இருட்டறை இல்லாதவரும் போட்டோக்காரராகலாம் என்ற நிலை இவ்வாறு வந்தது.

1980களின் பிற்பகுதியிலும் 1990களிலும் இதற்குத் துணைநின்ற மாற்றங்கள் பல. 1991க்குப் பின் இறக்குமதிக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. அதற்கு முன் வெளிநாடு சென்று திரும்பும் உறவினரின் பெட்டியிலோ சென்னை பர்மா பஜாரிலோ தேடப்பட்ட ஜப்பானியக் கேமராக்கள் கடைகளில் கிடைக்கத் தொடங்கின. ஒரு கேமரா, ஒரு 50 மி.மீ. லென்ஸ், ஒரு ஃப்ளாஷ், காட்டுவதற்கு ஒரு மாதிரி ஆல்பம், போய்வர ஒரு இருசக்கர வாகனம்: முதலீடு இவ்வளவே. 35 மி.மீ. ரோலில் முப்பத்தாறு படங்கள். கவனமாகப் பிலிம் மாட்டுபவர் முப்பத்தேழாவதும் எடுத்துவிடுவார். பேச்சுவார்த்தையின் அலகும் ரோல்தான். எத்தனை ரோல், எந்த அளவில் பிரிண்ட், எத்தகைய ஆல்பம் என்பதே ஒப்பந்தம்.

நிறம் புதிய தொல்லைகளையும் கொண்டுவந்தது. பகலொளிக்குச் சமன் செய்யப்பட்ட பிலிமில் மண்டபத்து டியூப்லைட் பச்சையாகவும் குண்டு பல்பு செம்மஞ்சளாகவும் பதியும். ஃப்ளாஷ் எட்டும் தொலைவில் மணமக்களின் நிறம் சரியாக இருக்க, பின்னால் அமர்ந்திருக்கும் உறவினர் பச்சை நிழலில் மூழ்கியிருக்கும் படங்கள் அக்கால ஆல்பங்களின் அடையாளம். வீட்டுப் பந்தலிலிருந்து கல்யாண மண்டபத்துக்குச் சடங்கு இடம்பெயர்ந்ததை நிறமே காட்டிக்கொடுக்கிறது எனலாம்.

இந்த மாற்றத்தில் இழந்தது உதகை. அதன் வலிமை கறுப்பு வெள்ளைப் பிலிமிலும் எக்ஸ்ரே பிலிமிலும் இருந்தது. வண்ணச் சந்தையைக் கோடாக், ஃபுஜி, கொனிகா ஆகிய வெளிநாட்டுப் பெயர்களே ஆண்டன. இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் 1990களின் நடுப்பகுதியில் நலிவுற்ற நிறுவனமாயிற்று. பொதுத்துறை நிறுவனத்தின் நிர்வாகக் குறைகளைப் பலர் எழுதியுள்ளனர். மணமகளின் பட்டுச்சேலை நிறத்தோடு தெரிய வேண்டும் என்ற வீட்டாரின் ஆசைக்கும் அவ்வீழ்ச்சியில் ஒரு சிறு பங்கு உண்டு.

முகூர்த்தமும் ஷிப்டும்

தொழில்நுட்பம் பகுதிநேரத்தை இயலச் செய்தது. அதைத் தேவையாக்கியது நாட்காட்டி. ஆடி, புரட்டாசி, மார்கழி மாதங்களில் பெரும்பாலான இந்துக் குடும்பங்கள் திருமணம் நடத்துவதில்லை. எஞ்சிய ஒன்பது மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தங்களே முதலில் தேடப்படுகின்றன. விளைவு, ஒரே நாளில் ஒரு வட்டாரத்தின் மண்டபங்கள் அனைத்திலும் திருமணம். அடுத்த பல நாட்கள் எதிலும் இல்லை. முழுநேர ஸ்டுடியோக்காரர் ஒருவர் ஆண்டெல்லாம் காத்திருந்தும் அந்த ஒரு நாளில் ஓரிடத்தில்தான் இருக்க முடியும். உச்சநாளின் தேவையை முழுநேரத்தார் மட்டும் நிறைவேற்ற வேண்டுமானால் அவர்களுள் பெரும்பாலோர் மற்ற நாட்களில் பட்டினி கிடக்க நேரும். முகூர்த்த நாளில் வந்து மற்ற நாட்களில் வேறு வருவாயில் வாழும் ஆட்களைக் கொண்டே இத்தொழில் நிலைபெற முடியும். பகுதிநேரம் இங்கே தொழிலின் குறையன்று, அதன் விதி.

இந்த விதி திருப்பூர் வட்டாரத்துக்குப் புதிதன்று. 1970களின் இறுதியில் தொடங்கிப் பின்னலாடை ஏற்றுமதி பெருகியபோது, பருவத்துக்கேற்ப ஏறி இறங்கும் ஆர்டர்களை இத்தொழில் சமாளித்தது ஜாப் ஒர்க் முறையால். நிட்டிங், சாயம், கட்டிங், தையல், பிரிண்டிங், பேக்கிங் எனப் பிரித்து, தேவையானபோது வெளியாருக்குக் கொடுத்து, தேவையற்றபோது விட்டுவிடும் அமைப்பு அது. ஷரத் சாரி 2004இல் வெளியிட்ட திருப்பூர் பற்றிய நூல், கொங்கு வேளாளப் பின்புலத்திலிருந்து தொழிலாளராக வந்து முதலாளிகளானவர்கள் இவ்வலைப்பின்னலைக் கட்டிய விதத்தை விரிவாகக் காட்டுகிறது. ஒரே முகூர்த்தத்தில் மூன்று திருமணம் ஒப்புக்கொண்ட ஸ்டுடியோக்காரர் தாம் ஒன்றுக்குச் சென்று, மற்ற இரண்டுக்கு வெளியாள் அனுப்புவதும் வடிவத்தில் ஜாப் ஒர்க்தான். பிலிமை ஸ்டுடியோ கொடுக்கும், கேமரா ஆளுடையது, ஆல்பத்தில் முத்திரை ஸ்டுடியோவுடையது. பீஸ் ரேட்டில் தைப்பவர் தைத்த பனியனில் அவர் பெயர் இல்லாதது போலவே எடுத்தவர் பெயர் ஆல்பத்தில் இல்லை. ஒளிப்பட வரலாற்றிலும் அப்பெயர் இல்லாமற்போனதன் வேர் இங்கே உள்ளது.

நேரமும் ஒத்துவந்தது. கொங்கு நாட்டில் அதிகாலை முகூர்த்தங்கள் மிகுதி. கம்பெனி ஷிப்ட் காலை எட்டரை மணி அளவில் தொடங்கும். ஆறு, ஏழு மணி முகூர்த்தத்தில் தாலி கட்டி முடிந்தபின்னும் பந்தி முடியும்வரை குடும்பப் படங்கள் எடுக்க வேண்டியிருப்பதால் முழு ஷிப்டைப் பிடிப்பது எப்போதும் இயலாது. ஆனால் பீஸ் ரேட்டில் வேலை செய்பவருக்கு அரைநாள் இழப்பு அரைநாள் கூலியோடு முடிந்துவிடும். மாதச் சம்பளக்காரர் விடுப்பு கேட்க வேண்டிய இடத்தில் இவர் கணக்குப் போட்டால் போதும். ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம் அமைந்தால் அந்தக் கணக்கும் இல்லை. நிலக்கடலை உழவரின் ஆண்டும் இதற்கு இசைந்ததே. ஆடிப்பட்டத்தில் விதைத்தது கார்த்திகைக்குள் விற்பனைக்கூடம் சேர்ந்துவிட்டால், தை முதல் வரும் திருமணப் பருவத்தில் கேமரா எடுக்கக் கையும் ஓய்வாக இருக்கும், திருமணம் வைக்கும் வீட்டில் பணமும் இருக்கும்.

உரிமைக்காரர் நடுவே ஒரு கூலிக்காரர்

கொங்குத் திருமணச் சடங்கில் ஒவ்வொருவரும் உரிமையால் இடம்பெறுகின்றனர். சீர்களை நடத்தும் அருமைக்காரர், மங்கல வாழ்த்துப் பாடும் குடிமகனாகிய நாவிதர், இணைச்சீரில் மணமகனோடு அமரும் உடன்பிறந்தாள், தாய்மாமன் என யாரும் அழைப்பின்பேரில் மட்டும் வந்தவர் அல்லர். காங்கயம் பக்கத்து ஓலப்பாளையத்தில் 1960களின் நடுவில் களப்பணி செய்து, 1972இல் கொங்கு வேளாண் சமூகம் குறித்த நூலை வெளியிட்ட பிரெண்டா பெக், இவ்வுரிமைகள் சாதி அடுக்கையும் உறவு முறையையும் எவ்வாறு ஒருங்கே வெளிப்படுத்துகின்றன என்று விளக்கினார். இந்த அமைப்புக்குள், எந்தச் சீரிலும் பங்கில்லாமல், எந்தச் சாதியினராகவும் இருக்கத்தக்கவராக, கூலி பேசி வந்து நிற்கும் ஒரே ஆள் போட்டோக்காரர். அவருக்காகச் சடங்கு நின்றது. ‘ஒரு நிமிசம், இங்க பாருங்க’ என்ற அவருடைய சொல்லுக்கு அருமைக்காரரும் காத்திருந்தார். மரபில் இடமில்லாத ஒருவர் பெற்ற இந்த அதிகாரம் சிறியது அன்று.

ஆனால் அவருடைய பிலிம் அளவுக்குட்பட்டது. யாருக்கு ஒரு படம் என்பது உறவின் கணக்கு. பங்காளிகள் சேர்ந்து ஒன்று, மாமன் மைத்துனர் தனியாக ஒன்று, மணமகள் வீட்டார் வரிசையாக ஒன்று. மங்கல வாழ்த்துப் பாடுபவரும் மாற்று விரிக்கும் வண்ணாரும் சடங்கில் மையமானவர். பழைய ஆல்பங்களில் அவர்களைத் தேடுபவர் வேறு ஒருவருக்காக எடுக்கப்பட்ட படத்தின் ஓரங்களைப் பார்க்க வேண்டும். முப்பத்தாறு படத்துக்குள் அடங்க வேண்டிய ஆல்பம், சடங்கின் உரிமை வரிசையை அப்படியே ஏற்காமல் வீட்டாரின் மதிப்பு வரிசையாக அதை மாற்றி எழுதிவிடுகிறது.

மொய் நோட்டோடு ஆல்பத்தைச் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே பெறப்படுகிறது. வரவேற்பில் விருந்தினர் மேடையேறிப் படத்துக்கு நிற்பதும் கீழே மொய் எழுதுவதும் ஒரே செயலின் இரு பதிவுகள். ஒன்றில் முகம், மற்றதில் ஊர், பெயர், தொகை. மொய் திருப்பிச் செய்ய வேண்டிய கடன். படத்தில் நின்றதும் அதுபோலத் திருப்பி நிற்க வேண்டிய கடனே. பியர் பூர்தியே 1965இல் பிரான்சின் பெயார்ன் பகுதிக் கிராமத் திருமணப் படங்களை ஆராய்ந்து, படம் வாங்குவது பரிசுப் பரிமாற்றத்தின் பகுதியாகிவிட்டதைக் காட்டினார். அங்கே அக்கடமை படத்தை விலைக்கு வாங்குவதில் இருந்தது. கொங்கு நாட்டிலோ படத்தில் நிற்பதிலேயே இருக்கிறது.

நெகட்டிவ் என்னும் சாட்சி

மணவீட்டார் படம் கேட்டதற்கு நினைவு மட்டும் காரணமன்று. 1950களின் முற்பகுதியில் சென்னை உயர் நீதிமன்றம் சுயமரியாதைத் திருமணம் சட்டப்படி செல்லாது எனக் கூறியது. 1967இல் அண்ணா அரசு இயற்றி 1968 சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தம் இந்துத் திருமணச் சட்டத்தில் 7ஏ பிரிவைச் சேர்த்தது. உறவினர் அல்லது நண்பர் முன்னிலையில் மாலை மாற்றிக்கொள்வதோ மோதிரம் அணிவிப்பதோ தாலி கட்டுவதோ போதும் என்பது அதன் சாரம். புரோகிதர் இல்லாத, பதிவேடும் இல்லாத அத்திருமணத்தில் மாலை மாற்றும் கணத்தைப் பிடித்த படம், சட்டம் எதைத் திருமணம் என்கிறதோ அதையே பிடித்த படமாகும். தமிழ்நாட்டில் திருமணப் பதிவு அனைவருக்கும் கட்டாயமானது 2009ஆம் ஆண்டுச் சட்டத்தால்தான். இடைப்பட்ட நாற்பதாண்டுகளில் திருமணம் நடந்ததற்கு அழைப்பிதழும் படமுமே பெரும்பாலான குடும்பங்களில் இருந்த எழுத்து, காட்சிச் சான்றுகள்.

இதன் கனம் பெண்கள்மீதே மிகுதியாக விழுந்தது. கணவன் மறுமணம் செய்தான் எனக் குற்றம்சாட்டும் முதல் மனைவி, இரண்டாம் திருமணமும் உரிய சடங்குகளுடன் நடந்தது என மெய்ப்பிக்க வேண்டும் என்பது 1965 முதல் உச்ச நீதிமன்றத்தின் நிலைப்பாடு. ஜீவனாம்ச வழக்கில் தன் திருமணத்தையே நிறுவ வேண்டியவளும் உண்டு. படத்தைக் காட்டினால் மட்டும் போதாது. எடுத்தவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டும், நெகட்டிவைத் தாக்கல் செய்ய வேண்டும் என்ற மறுப்பு நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் எழுந்து ஏற்கப்பட்டும் வந்தது. பிரிண்ட்டில் வேலை செய்ய முடியும், நெகட்டிவில் எளிதாக முடியாது என்பதே அதன் அடிப்படை. பகுதிநேரப் படக்காரரின் பெயர் வரலாற்றில் இல்லாவிட்டாலும் சாட்சிக்கூண்டில் தேவைப்பட்டது.

ஆகவே நெகட்டிவ் யாரிடம் இருந்தது என்பது பொருள் பொதிந்த கேள்வி. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவு, விலை கொடுத்து எடுக்கச் சொன்ன ஒளிப்படத்துக்கு, வேறு உடன்பாடு இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரையே முதல் உரிமையாளராக்குகிறது. எனினும் கறுப்பு வெள்ளைக் கால ஸ்டுடியோ நெகட்டிவைத் தன்னிடம் வைத்துக்கொண்டது. மறுபிரதி அதன் வருவாய். வண்ணக் காலத்துப் பகுதிநேரத்தாரிடம் நெகட்டிவை அடுக்கிவைக்க அறையும் இல்லை, மறுபிரதி எடுத்துத் தர இருட்டறையும் இல்லை. லேப் கொடுத்த உறையோடு, ஆல்பத்தின் பின்னட்டையில் செருகி, அதை வீட்டாரிடமே ஒப்படைப்பது பெரும்பாலும் வழக்கமாயிற்று. சட்டம் சொன்ன உரிமையை நடைமுறையில் நிறைவேற்றியது ஸ்டுடியோவன்று, பகுதிநேரப் படக்காரரின் இடப்பற்றாக்குறை.

அழியும் நிறம்

2004ஐ ஒட்டி விலை குறைந்த டிஜிட்டல் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் வந்தபின் மாற்றம் விரைவானது. 2006 சனவரியில் நிக்கான், எஃப்6, எஃப்எம்10 தவிர ஏனைய பிலிம் கேமராக்களின் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. அதே மாதம் கொனிகா மினோல்டா கேமரா, பிலிம் தொழில்களிலிருந்தே விலகியது. 2012 சனவரியில் கோடாக் திவால் பாதுகாப்புக் கோரியது. எண்ணிக்கைக் கட்டுப்பாடு நீங்கிய மணவிழாவில் ஆயிரக்கணக்கான படங்கள். அவற்றிலிருந்து தேர்ந்து கணினியில் வடிவமைத்த கரிஷ்மா ஆல்பம். நெகட்டிவின் இடத்தை அப்போதைய சான்றுச் சட்டத்தின் 65பி பிரிவு கோரிய சான்றிதழ் பிடித்தது.

அடைந்த வசதியைவிட, விடப்பட்ட பொருளே ஆய்வுக்கு அவசரமானது. 1960களின் கறுப்பு வெள்ளைப் படத்தில் இருப்பது வெள்ளி. நன்கு கழுவப்பட்டிருந்தால் தலைமுறைகள் தாங்கும். 1980, 1990களின் வண்ணப் படத்தில் இருப்பது சாயம். இருட்டில் மூடி வைத்தாலும் நீலப்பச்சைச் சாயம் முதலில் மங்குவதால் பல பிரிண்ட்டுகள் செந்நிறமாகிவிட்டன. அசிட்டேட் பிலிம் ஈரத்திலும் வெப்பத்திலும் காடி நாற்றத்தோடு சுருங்கும். பாட்டியின் கல்யாணப் படம் தெளிவாக இருக்க, பேத்தியின் தாய் கல்யாணப் படம் வெளுத்திருக்கும் விந்தையைச் சாயத் தொழிலை அறிந்த திருப்பூருக்கு விளக்க வேண்டியதில்லை. ஸ்டுடியோக்களை மட்டும் தேடும் காப்புப்பணி அழிவுக்கு எளிதில் உட்படும் இப்பகுதியைத் தவறவிடும். தேட வேண்டிய இடம் வீட்டு அலமாரி. கேட்க வேண்டிய பொருள் ஆல்பம் மட்டுமன்று, அதன் பின்னட்டையில் உள்ள உறை.

அந்த உறைக்கு ஆல்பத்தில் இல்லாத தகுதி ஒன்று உண்டு. ஆல்பத்தில் படங்கள் மதிப்பு வரிசையில் ஒட்டப்பட்டவை. நெகட்டிவ் பட்டையின் ஓரத்திலோ ஒன்று முதல் முப்பத்தாறு வரை எண்கள் அச்சாகியுள்ளன. சடங்கு நடந்த வரிசை அதில் கலையாமல் இருக்கிறது. பிரிண்ட் போட வேண்டாம் என ஒதுக்கப்பட்ட படங்களும் அங்கே உள்ளன: கண் மூடியவர், ஃப்ளாஷ் மின்னாமல் இருண்ட இணைச்சீர், நாவிதர் பாடும்போது தவறுதலாக அழுத்திய ஒன்று. மண்டபத்து வேலை முடிந்தபின் மீந்த ஓரிரு படங்களை வீணாக்காமல் தம் வீட்டு வாசலில் எடுத்து ரோலை முடித்து லேபுக்குக் கொடுப்பது பிலிம் காலத்தில் பலரிடமும் இருந்த பழக்கம். முப்பத்தைந்தாவது, முப்பத்தாறாவது படங்களில் மணவீட்டாருக்குத் தொடர்பில்லாத ஒரு குழந்தையோ, துவைத்த துணி காயும் கொடியோ, கிழமேல் நிறுத்திய ஒரு மொபெட்டோ காணப்பட்டால், அந்த நெகட்டிவை எடுத்தவரின் வீட்டைப் பற்றிக் கிடைக்கும் ஒரே ஆவணம் அதுவாக இருக்கலாம்.